மின்னணுக் கடவுச்சீட்டு: படிப்பதும் சரிபார்ப்பதும்

2017-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள், நாட்டின் முதலாவது அஞ்சலகக் கடவுச்சீட்டுச் சேவை மையம் மைசூருவில் தொடங்கப்பெற்றது. வெளியுறவு அமைச்சகமும் அஞ்சல் துறையும் இணைந்து வகுத்த இத்திட்டத்தில் மைசூருவுடன் முன்னோடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மற்றோர் இடம் குஜராத்திலுள்ள தாகோத். அதற்கு முன்னர் கடவுச்சீட்டு வேண்டிய மைசூரு மக்களில் பெரும்பாலோர் ஏறத்தாழ 145 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குச் சென்று வரவேண்டியிருந்தது. முன்னோடி முயற்சி வெற்றி பெறவே, நாடெங்கும் இத்தகைய மையங்கள் 400-க்கும் மேல் திறக்கப்பட்டன.

தொலைவு குறைந்தது முதல் மாற்றம் என்றால், கடவுச்சீட்டின் உள்ளமைப்பே மாறியது இரண்டாவது மாற்றமாகும். இன்று வழங்கப்படும் கடவுச்சீட்டின் முகப்பில் பொன்னிறத்தில் ஒரு சிறு சின்னம் காணப்படுகிறது. உள்ளே மின்னணுச் சில்லு ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். கடவுச்சீட்டுக்கு உரியவரின் பெயர், பிறந்த நாள், முகப்படம் முதலியவை அச்சில் இருப்பதோடு இச்சில்லிலும் எழுதப்பட்டுள்ளன. ஆனால் கண்ணால் படிக்க இயலாத வடிவில், வெறும் எண்களின் வரிசையாக, அவை அங்கே உள்ளன. அவ்வெண்கள் மீண்டும் மனிதர் படிக்கும் எழுத்தாக மாறுவது எவ்வாறு, அவ்வாறு மாறியவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை அறிந்திருப்பது அலுவலருக்கும் குடிமக்களுக்கும் ஒருங்கே பயன்தரும்.

ஏட்டுக்குள் ஒரு சில்லு

வங்கி அட்டையிலும், ஓட்டுநர் உரிம அட்டையிலும், கடவுச்சீட்டிலும் இருப்பது அடிப்படையில் ஒரே இனத்தைச் சேர்ந்த சில்லேயாகும். அதனுள் நினைவகமும், கணக்கிடும் ஆற்றலும், எதை யாருக்குக் காட்டலாம் என்று தீர்மானிக்கும் இயக்க முறைமையும் உள்ளன. இந்தியாவில் ஓட்டுநர் உரிமத்துக்கும் வாகனப் பதிவுச் சான்றுக்கும் ஸ்மார்ட் கார்டுகள் புகுத்தப்பட்டபோது, ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறையை வகுத்தால் ஒரு மாநிலத்தின் அட்டையை மற்றொரு மாநிலத்தில் படிக்க முடியாமற்போகும் என்பது உணரப்பட்டது. எனவே, தேசியத் தகவலியல் மையமும் கான்பூர் ஐ.ஐ.டி.யும் 'ஸ்கோஸ்டா' என்னும் பொதுத் தரத்தை உருவாக்கின. அட்டையைச் செய்பவர் யாராயினும் அதைப் படிக்கும் முறை ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

கடவுச்சீட்டைப் பொறுத்தவரை இத்தேவை உலகளாவியது. மைசூருவில் வாழும் ஒருவரின் கடவுச்சீட்டைத் துபாயிலும் சிங்கப்பூரிலும் பிராங்க்பர்ட்டிலும் படித்தாக வேண்டும். ஆகவே பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1980-இல் முதன்முதலாக வெளியிட்ட 9303-ஆம் எண் ஆவணமே அனைத்து நாடுகளுக்கும் இலக்கணமாக விளங்குகிறது. மலேசியா 1998-இலேயே சில்லுள்ள கடவுச்சீட்டை வழங்கியது. இவ்வமைப்பின் தரத்துக்கு இயைந்த மின்னணுக் கடவுச்சீட்டை 2004-இல் பெல்ஜியம் வெளியிட்டது. இந்தியாவில் 2008-இல் அரசுமுறைப் பயணங்களுக்கான கடவுச்சீட்டுகளில் இம்முறை புகுத்தப்பட்டது. முதல் கடவுச்சீட்டு அன்றைய குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீலுக்கு வழங்கப்பட்டது. பொதுமக்களுக்கான முன்னோடித் திட்டம் 2024 ஏப்ரல் முதல் நாள் தொடங்கியது. சென்னை மண்டல அலுவலகம் 2025 மார்ச் 3-ஆம் நாள் இப்பணியைத் தொடங்கி, அம்மாதம் 22-ஆம் நாளுக்குள் தமிழ்நாட்டில் 20,729 மின்னணுக் கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டிருந்தன. 2025-ஆம் ஆண்டிலேயே திட்டம் நாடெங்கும் விரிவடைந்தது. சில்லில்லாத பழைய கடவுச்சீட்டுகளும் அவற்றின் காலம் முடியும்வரை செல்லத்தக்கனவே.

கதவைத் திறக்கும் 24 குறிகள்

கடவுச்சீட்டின் சில்லுக்கு மின்கலம் கிடையாது. படிக்கும் கருவி 13.56 மெகாஹெர்ட்சு அதிர்வெண்ணில் பரப்பும் காந்தப் புலமே, ஏட்டுக்குள் பதிந்துள்ள கம்பிச் சுருளின் வழியாகச் சில்லுக்கு மின்சாரத்தை அளிக்கிறது. சில சென்டிமீட்டர் தொலைவில் கொண்டுவந்தாலே சில்லு விழித்துக்கொள்ளும். ஆகவே ஓர் ஐயம் எழுவது இயல்பு. சட்டைப்பையில் இருக்கும் கடவுச்சீட்டை அருகில் நிற்பவர் ஒருவர் கமுக்கமாகப் படித்துவிட முடியாதா?

இதைத் தடுப்பதற்காகவே சில்லின் வாயிலில் ஒரு பூட்டு அமைக்கப்பட்டுள்ளது. அதன் திறவுகோல் கடவுச்சீட்டின் உட்பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. கடவுச்சீட்டு எண்ணுக்கு 9 இடங்கள், பிறந்த நாளுக்கு 6, காலாவதி நாளுக்கு 6, இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிபார்ப்பு இலக்கம் என மொத்தம் 24 குறிகள் சேர்ந்து திறவுகோலுக்கு மூலமாகின்றன. இந்தியக் கடவுச்சீட்டு எண்ணில் ஓர் எழுத்தும் 7 இலக்கங்களும் உள்ளன. எஞ்சும் ஓர் இடத்தில் நிரப்புக்குறி (<) இடப்படுகிறது. அலுவலர் ஏட்டைத் திறந்து, அச்சிட்ட வரியை ஒளியால் படித்த பின்னரே கருவிக்குத் திறவுகோல் கிடைக்கும். ஏட்டைக் கையில் கொடுத்தவரின் விவரங்கள் மட்டுமே படிக்கப்படும் என்பது இதன் தத்துவம். எனினும், ஒருவரின் கடவுச்சீட்டு எண்ணையும் இரண்டு நாள்களையும் வேறு வழியில் அறிந்தவர் இத்திறவுகோலைத் தாமே செய்துகொள்ளக்கூடும். இக்குறையை நோக்கியே, 'பேஸ்' எனப்படும் வலிமையான முறை பின்னர் வகுக்கப்பட்டது.

எண்கள் எழுத்தாகும் விதம்

பூட்டுத் திறந்ததும் கருவியும் சில்லும் வினா விடையாக உரையாடுகின்றன. கருவி முதலில் இன்ன கோப்பைத் தேர்ந்தெடு என்கிறது; பின்னர் இன்ன இடத்திலிருந்து இத்தனை பைட்டுகளைத் தா என்கிறது. சில்லு கேட்டதைத் தந்து, இறுதியில் பணி முடிந்தது என்பதைத் தெரிவிக்கும் இரண்டு எண்களையும் சேர்த்து அனுப்புகிறது. வேண்டுகோளின் குறுகிய வடிவில் ஒரு முறைக்கு அதிகபட்சம் 256 பைட்டுகளே பெறலாம். எனவே 15,360 பைட்டுகள் உள்ள முகப்படம் ஒன்றைப் பெறுவதற்குக் குறைந்தது 60 முறை கேட்டாக வேண்டும். கடவுச்சீட்டைக் கருவியின்மீது வைத்துச் சில வினாடிகள் காத்திருக்க நேர்வதற்குக் காரணம் இதுவே.

இவ்வாறு வந்து சேரும் எண்களைப் பொருள்கொள்வதற்கு ஒரே விதி போதுமானது. முதலில் பெயர்ச்சீட்டு, அடுத்து நீளம், அதன்பின் உள்ளடக்கம் என்னும் முறைவைப்பே அவ்விதி. மளிகைக் கடையில் ஒவ்வொரு பொட்டலத்தின்மீதும் பொருளின் பெயரையும் எடையையும் எழுதி வைப்பதை இதற்கு ஒப்பிடலாம். சான்றாக, சாதாரண இந்தியக் கடவுச்சீட்டு ஒன்றின் முதல் விவரத் தொகுதி பதின்ம எண்களில் இவ்வாறு தொடங்கும்:

97, 91, 95, 31, 88, 80, 60, 73, 78, 68...

97 என்பது முதல் விவரத் தொகுதி என்னும் பெயர்ச்சீட்டு. 91 என்பது இதன்பின் 91 பைட்டுகள் உள்ளன என்னும் அளவு. 95-உம் 31-உம் சேர்ந்து, உள்ளே இருப்பது அச்சிட்ட இயந்திர வரிகளின் படி என்று அறிவிக்கின்றன. 88 என்பது அவ்வரிகளின் மொத்த நீளம். அதாவது, வரிக்கு 44 குறிகளாக இரண்டு வரிகள். அதற்கு மேல் வருவன எழுத்துகள். ஆங்கில நெடுங்கணக்கின் முதல் பேரெழுத்தாகிய 'ஏ'க்கு 65 என்றும் அடுத்ததற்கு 66 என்றும் எண் இடப்பட்டுள்ளதால், 80 என்பது பதினாறாம் எழுத்தாகிய 'பி'. கடவுச்சீட்டு என்பதன் குறி அது. 60 என்பது நிரப்புக்குறி. 73, 78, 68 ஆகியன 'ஐ', 'என்', 'டி', அதாவது இந்தியா. எஞ்சியவற்றையும் இவ்வாறே படித்துவிடலாம். இதில் கமுக்கம் எதுவுமில்லை. இலக்கணம் வெளிப்படையானது, அதைக் கற்ற எவரும் படிக்கலாம்.

இரண்டு வரிகளில் ஒரு மனிதர்

முதல் வரியில் ஆவண வகையும் நாடும் 5 இடங்களைக் கொள்ள, எஞ்சிய 39 இடங்களும் பெயருக்கு உரியன. இரண்டாம் வரியில் கடவுச்சீட்டு எண், குடியுரிமை, பிறந்த நாள், பாலினம், காலாவதி நாள் ஆகியவை வரிசையாக வருகின்றன. இடையிடையே சரிபார்ப்பு இலக்கங்கள் உள்ளன. ஒவ்வொரு குறியையும் 7, 3, 1 என்னும் எண்களால் மாறி மாறிப் பெருக்கிக் கூட்டி, 10-ஆல் வகுத்தால் வரும் மீதியே அவ்விலக்கம். 1985 ஜனவரி 25 என்னும் நாள் 850125 என எழுதப்படும். 8-ஐ 7-ஆலும், 5-ஐ 3-ஆலும், 0-ஐ 1-ஆலும், மீண்டும் 1-ஐ 7-ஆலும், 2-ஐ 3-ஆலும், 5-ஐ 1-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 89 வரும்; ஆகவே சரிபார்ப்பு இலக்கம் 9. தவறுதலாக இறுதி இரண்டு இலக்கங்களும் இடம்மாறி 850152 என்றாகிவிட்டால் கூட்டுத்தொகை 95 ஆகிவிடும். 9 வரவேண்டிய இடத்தில் 5 வருவதால் பிழை வெளிப்பட்டுவிடும்.

ஆயினும் இவ்விலக்கத்தின் ஆற்றலுக்கு எல்லை உண்டு. அடுத்தடுத்து நிற்கும் 1-உம் 6-உம் இடம்மாறினால் இக்கணக்கு அதனைக் கண்டுபிடிக்காது. எழுத்துகளில் 'ஏ'க்கு 10, 'கே'க்கு 20, 'யு'வுக்கு 30 என மதிப்பு அளிக்கப்படுவதால், ஒன்றன் இடத்தில் மற்றொன்று வந்தாலும் மீதி மாறுவதில்லை. தற்செயலாக நேரும் பிழைகளில் பெரும்பாலானவற்றைப் பிடிப்பதே இதன் வேலை. வேண்டுமென்றே செய்யும் மோசடியை இது தடுக்காது. மோசடி செய்பவருக்கும் 7, 3, 1 என்னும் கணக்குத் தெரியும்.

ஆண்டை இரண்டு இலக்கங்களால் எழுதுவதிலும் ஓர் ஐயப்பாடு உள்ளது. பிறந்த ஆண்டு 25 என்றிருந்தால் அது 1925-ஆ, 2025-ஆ? வரியை மட்டும் கொண்டு விடை கூற இயலாது. முகப்படத்தையும் அச்சிட்ட பக்கத்தையும் நோக்கியே முடிவு செய்யவேண்டும். நூறு வயது மூதாட்டியைக் கைக்குழந்தையாகப் பதிவு செய்யும் கணினியைக் குறைகூறிப் பயனில்லை. நூற்றாண்டைத் தீர்மானிக்கும் விதியை அதற்கு எழுதித் தந்தவர்களே அதற்குப் பொறுப்பு.

பெயரில் எழும் இடர்

தென்னிந்தியரைப் பெரிதும் பாதிப்பது பெயர்ப் பகுதியாகும். இயந்திர வரியில் 26 ஆங்கில எழுத்துகளும், 10 இலக்கங்களும், நிரப்புக்குறியும் மட்டுமே இடம்பெறலாம். தமிழின் ழகரத்துக்கும் கன்னடத்தின் நெடில் குறில் வேறுபாடுகளுக்கும் அங்கே இடமில்லை. ஒரே பெயரைத் தந்தை ஒருவிதமாகவும், பள்ளி வேறுவிதமாகவும், வங்கி மற்றொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதுண்டு. கணினிக்கு அவை மூன்று வெவ்வேறு மனிதர்கள். மேலும், இவ்வரி பெயரைக் குடும்பப் பெயர், இடுபெயர் என இரண்டாகப் பிரித்து, இடையே இரண்டு நிரப்புக்குறிகளை இடுகிறது. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் தமிழ்நாட்டு வழக்கிலும், ஊரின் பெயரையும் தந்தையின் பெயரையும் முன்னே வைக்கும் மைசூர் வழக்கிலும் குடும்பப் பெயர் என ஒன்று பலருக்கு இருப்பதேயில்லை.

இதன் விளைவு ஏட்டளவில் நிற்கவில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களுக்கு வருகை விசாவில் நுழைவு இல்லை என அறிவித்தது. கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. இயந்திர வரியில் இரண்டு நிரப்புக்குறிகளின் ஒருபுறம் வெறுமையாக இருப்பது, ஒருவரின் பயணத்தையே நிறுத்திவிடக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

படித்தல் வேறு, சரிபார்த்தல் வேறு

சில்லிலுள்ள எண்களை எழுத்தாக்கித் திரையில் காட்டுவது எளிது என்பது இதுவரை கண்டதிலிருந்து விளங்கும். எளிது என்பதாலேயே ஆபத்தும் உண்டு. திரையில் தெளிவாகப் பெயரும் படமும் தோன்றியவுடன் பணி முடிந்தது என்று கருதிவிடும் மனப்பான்மையே அவ்வாபத்து. யாரேனும் ஒருவர் வெற்றுச் சில்லொன்றை வாங்கி, அதே இலக்கணப்படி தாம் விரும்பிய பெயரை எழுதி வைத்தாலும் அது திரையில் அதே தெளிவுடன்தான் தோன்றும்.

இந்த உண்மை மைசூருவுக்குப் புதியதன்று. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-இல் உதகமண்டலத்திலிருந்து இந்நகருக்கு மாற்றப்பட்டது. அதற்கும் நெடுங்காலம் முன்பே, மைசூர் நாட்டுச் சாசனங்களைத் தொகுத்த பி. எல். ரைஸ் 1886-இல் 'எபிகிராபியா கர்நாடிகா'வின் முதல் தொகுதியை வெளியிட்டார். மேலைக் கங்கர் பெயரால் கிடைத்த செப்பேடுகள் பல போலியானவை என்று ஜே. எஃப். ஃபிளீட் வாதிட, ரைஸ் அதை மறுத்தார். செப்பேடுகளின் வாசகத்தைப் படிப்பதில் அவர்களுக்குள் வழக்கில்லை. அதை எழுதியது உண்மையில் அந்த அரசன்தானா என்பதே வழக்கு. இதே ஐயம் எழாமலிருக்கவே பண்டை அரசர்கள் செப்பேட்டு இதழ்களை வளையத்தில் கோத்து, அதன்மீது அரச முத்திரையைப் பொறித்தனர்.

மின்னணுக் கடவுச்சீட்டில் அம்முத்திரையின் இடத்தை இலக்கமுறைக் கையொப்பம் பெறுகிறது. ஒவ்வொரு விவரத் தொகுதியிலிருந்தும் கணித முறையால் ஒரு சுருக்கக் குறி பெறப்படுகிறது. ஓர் எழுத்து மாறினாலும் அக்குறி முற்றிலும் மாறிவிடும். இக்குறிகளின் பட்டியலில் வழங்கும் நாடு தன் கமுக்கத் திறவுகோலால் கையொப்பமிட்டுச் சில்லிலேயே வைக்கிறது. அதற்கு இணையான பொதுத் திறவுகோலைக் கொண்டு எந்த நாடும் அக்கையொப்பத்தைச் சோதிக்கலாம். இத்தகைய திறவுகோல்களின் சான்றிதழ்களை நாடுகளிடையே பகிர்ந்துகொள்வதற்காகப் பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2007 முதல் ஒரு பொதுக் களஞ்சியத்தை நடத்தி வருகிறது.

ஆகவே கடவுச்சீட்டைக் கையிலேந்தும் அலுவலர் விடை காணவேண்டிய வினாக்கள் நான்கு. இதில் என்ன எழுதியிருக்கிறது? எழுதியவர் உரிய அரசுதானா. பின்னர் எவரேனும் மாற்றினரா? இச்சில்லு மூலச் சில்லா, அல்லது வேறொன்றின் நகலா? எதிரில் நிற்பவர் இதற்கு உரியவர்தானா? முதல் வினாவுக்கு எண்களை எழுத்தாக்குவது விடை தரும். இரண்டாவதற்குக் கையொப்பச் சோதனை வேண்டும். மூன்றாவதற்குச் சில்லுக்குள்ளிருந்து வெளிவராத தனித் திறவுகோலைச் சோதிக்கும் வேறொரு முறை உண்டு. நான்காவதற்கு முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டாக வேண்டும். முதல் வினாவோடு நின்றுவிடுபவர் படித்தவரே தவிரச் சரிபார்த்தவர் ஆகார்.

படித்த விவரங்களைத் தேவைக்கு மேல் சேர்த்து வைப்பதும் தவறு. ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற தனிமனித விவரத்தை அந்நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டின் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று.

முத்திரைக்கு முன்

இவையனைத்தையும் கடந்து ஐந்தாவது வினா ஒன்று எஞ்சி நிற்கிறது. எழுதப்பட்டது உண்மைதானா? இதற்கு எந்தக் கையொப்பமும் விடை கூறாது. கையொப்பம் காப்பது எழுதியதன் மாறாமையைத்தான். எழுதியதன் உண்மையை அன்று. மையத்தில் விண்ணப்பம் சோதிக்கப்படும்போது பிறந்த நாளில் ஓர் இலக்கமோ பெயரில் ஓர் எழுத்தோ பிழைபட்டுவிட்டால், அப்பிழையும் அரசின் முத்திரையோடு சில்லில் ஏறிவிடும். அதன்பின் உலகின் எல்லா நிலையங்களிலும் சோதனைகள் அனைத்தும் சரியாகவே முடியும். பிழையும் சரியென்றே காட்டப்படும். அதைத் திருத்துவதற்குப் புதிய கடவுச்சீட்டே பெற வேண்டும். சில்லை அழித்து எழுத இயலாது.

எனவே இத்திட்டத்தின் மிக முக்கியமான கண்ணி விமான நிலையத்தில் இல்லை. மைசூரு போன்ற நகரங்களின் அஞ்சலக மேசையில்தான் உள்ளது. விண்ணப்பதாரர் தம் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும், நாள்களின் ஒவ்வோர் இலக்கத்தையும் ஒப்புக்கொள்ளுமுன் நிதானமாகப் படிப்பதற்கு நேரம் தரப்பட வேண்டும். ஆங்கிலம் அறியாதவருக்கு அவர் மொழியிலேயே அதைப் படித்துக் காட்ட வேண்டும். வரிசை நீண்டிருக்கும் நாளில் இது காலவிரயமாகத் தோன்றக்கூடும். ஆயினும் அங்கே செலவாகும் இரண்டு நிமிடங்கள், பத்தாண்டுக் காலம் செல்லத்தக்க ஓர் ஆவணத்தின் மெய்ம்மையைக் காக்கின்றன. சில்லிலுள்ளதைப் படிக்கும் கருவிகள் உலகெங்கும் உள்ளன. அதில் எழுதப்போவதைப் படித்துத் திருத்தும் வாய்ப்பு அந்த மேசையில் மட்டுமே உண்டு.